பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் இருக்குங்க

வெளியூரிலிருந்து பிள்ளைங்க வருதுன்னு வட்டிக்கு வாங்கி, டிசம்பர் 25 ஒரே நாளில் துணி, கறி, கேக்குன்னு செலவழிக்கிறது எங்க திண்டுக்கல் பக்கம் அதிகம். எனக்கு இது சரியாப் படலை.

கிறிஸ்துமஸ் ஒரு நாளோட முடியறதில்லை. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் குடில் இருக்கும். குடிலுக்குப் பச்சை வேணுமா? பத்து நாள் முன்னாடி தட்டில் கேழ்வரகு விதைச்சாப் போதும். மார்கழிப் பனியில் மல்லிகை விலை ஏறும். அதைச் சந்தைக்கு அனுப்பிட்டு, குடிலுக்குக் கோழிக்கொண்டை வைக்கலாம். ஒரு நாள் முறுக்கு, ஒரு நாள் மொச்சைக் குழம்பு, ஒரு நாள் அத்தை வீடு. குழந்தைகளுக்குத் தினமும் பண்டிகைதான்.

அடுத்த வாரமே பொங்கல். அதுக்கும் காசு வேணும். அதனால ஊருக்கு வர்றவங்க முதல்லயே அப்பாகிட்ட சொல்லிடுங்க: கடன் வேண்டாம், ரெண்டு நாள் கூடுதலா இருக்கோம்னு.