எல்லாவற்றுக்கும் ஒரே கட்டி

பழைய மூர் மார்க்கெட்டின் வாசலில் தைலக்காரன் ஒருவன் நிற்பானாம். உடும்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்துக்கொண்டு, ஒரே குப்பித் தைலத்தை மூட்டுவலிக்கும், முடி உதிர்வதற்கும், குழந்தையின் வயிற்றுப் பொருமலுக்கும், தேள்கடிக்கும் விற்பானாம். என் தகப்பனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 1985-இல் அந்த மார்க்கெட் எரிந்து போயிற்று. தைலக்காரன் எங்கே போனானோ என்று நான் யோசித்ததுண்டு. இப்போது தெரிந்துவிட்டது. அவன் நன்றாகப் படித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நம்முடைய சமையலறைக்கே குடிவந்துவிட்டான். உடும்பு இருந்த இடத்தில் ‘இயற்கை’ என்ற ஒரு சொல்லைக் கட்டி வைத்திருக்கிறான்.

இதைச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. போன வருஷம் ஆறு மாத காலம் அந்தத் தைலக்காரனுடைய உத்தியோகத்தை நானே பார்த்தேன்.

என் அக்கா மகள் படிப்புக்காக எங்களோடு தண்டையார்பேட்டையில் தங்கியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போனவள், தோளில் ஒரு பை நிறையச் சாமான்களோடு திரும்பி வந்தாள்.

“மாமா, இனிமேல் கடையிலே எதுவும் வாங்க வேண்டாம். ஒரே சோப்புதான். தலைக்கும் அதுதான், உடம்புக்கும் அதுதான், துணிக்கும் பாத்திரத்துக்கும் அதுதான். எல்லாம் இயற்கை!”

பையைப் பிரித்தேன். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், கஸ்தூரி மஞ்சள், காய்ந்த துளசி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொட்டலம். வெள்ளை வெளேரென்று சீவல் சீவலாக இருந்தது.

“இது என்னம்மா?”

“காஸ்டிக் சோடா, மாமா. அதைப் பார்க்காதீங்க.”

‘அதைப் பார்க்காதீங்க’ என்றாளே, அங்கேயே எனக்கு விழித்திருக்க வேண்டும். காஸ்டிக் சோடா எந்தத் தோட்டத்திலும் காய்ப்பதில்லை. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திப் பெரிய ஆலைகளில் எடுக்கும் சரக்கு அது. மேட்டூரிலும் சாகுபுரத்திலும் எடுக்கிறார்கள். அது இல்லாமல் கட்டிச் சோப்பு இல்லை. ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு ஏறக்குறைய 183 கிராம் வேண்டும். கையைப் பதம் பார்க்காமல் எண்ணெய் கொஞ்சம் மிச்சம் நிற்கட்டும் என்றால் 174 கிராம். இரண்டும் கலந்து, எண்ணெயும் எண்ணெயாக இல்லாமல், காரமும் காரமாக இல்லாமல் மூன்றாவதாகப் பிறக்கிற பொருளுக்குத்தான் சோப்பு என்று பெயர். ஆலையில் செய்தாலும் அதே ரசாயனந்தான். எங்கள் மொட்டை மாடியில் செய்தாலும் அதே ரசாயனந்தான்.

முதல் தடவை என் மனைவியின் அலுமினியப் பாத்திரத்தில் காரத்தைக் கரைத்தோம். பாத்திரம் நுரைத்துப் பொங்கி, கறுத்து, பழைய இரும்புக்குக்கூடப் போட முடியாமல் ஆயிற்று. இரண்டாம் தடவை எவர்சில்வர். தண்ணீரில் காரத்தைப் போட வேண்டும், காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதை அதற்குள் கற்றுக்கொண்டோம். நாலு வாரம் உலர வைத்து எடுத்தபோது கட்டிகள் தந்தம் போல இருந்தன. எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

பிறகு பரீட்சை ஆரம்பமாயிற்று.

என் மனைவி தலைக்குப் போட்டாள். எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். சுண்ணாம்புச் சத்தும் உண்டு. தேங்காயெண்ணெய்ச் சோப்பு கடல் தண்ணீரில்கூட நுரைக்கும். அதனால்தான் கப்பல்காரர்கள் அந்தக் காலத்தில் அதை வைத்திருந்தார்கள். நுரைத்தது, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சோப்பு கூடினால் கரையாத ஒரு பிசுக்கு உண்டாகும். அது முடியில் படிந்து, மெழுகு தடவிய கயிறு போல ஆயிற்று. அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் சீயக்காய் டப்பாவை எடுத்து நீட்டினாள். சீயக்காயின் நுரை வேறு ஜாதி. அது உப்புத் தண்ணீரோடு இப்படிச் சண்டை போடுவதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கண்டெய்னர் லாரி மெக்கானிக். அவருக்கு ஒரு கட்டி கொடுத்தேன். மறுநாள் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“வாசனை நல்லாத்தான் இருக்கு சார். கிரீஸ் போவ மாட்டேங்குது.”

அவர் மண்ணெண்ணெயில் கையைத் துடைத்து, பிறகு துணி சோப்புத் தூளில் தேய்த்துக் கழுவுகிறவர். அது தோலுக்குக் கெடுதல் என்று அவருக்குத் தெரியும். அதைவிட நல்லதாக நாங்கள் ஒன்றும் கொடுத்துவிடவில்லை.

பித்தளைச் செம்பில் தேய்த்துப் பார்த்தோம். களிம்பு அசையவில்லை. அசையாது. களிம்பை எடுப்பது புளி. அதில் உள்ளது புளிப்பு. எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது சாம்பல். அதில் உள்ளது காரம். ஒரே கட்டி புளிப்பாகவும் காரமாகவும் எப்படி இருக்கும்?

இங்கேதான் நம்முடைய இயற்கை பக்தர்களை நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘பாட்டி காலத்து முறை’ என்கிறீர்களே, எந்தப் பாட்டி ஐயா ஒரே பொருளை எல்லாவற்றுக்கும் வைத்திருந்தாள்? என் பாட்டியிடம் ஐந்து டப்பாக்கள் இருந்தன. தலைக்குச் சீயக்காய், உடம்புக்குப் பயத்தமாவு, பட்டுத் துணிக்குப் பூந்திக்கொட்டை, எண்ணெய்ச் சட்டிக்குச் சாம்பல், பித்தளைக்குப் புளி. ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்தால் முதுகில் விழும். இன்னது இன்னதற்கு என்று பகுத்து வைத்ததுதான் அவளுடைய அறிவு. நீங்கள் அந்த அறிவைத் தூர எறிந்துவிட்டு, அவளுடைய படத்தை மட்டும் உறையில் அச்சடித்துக்கொள்கிறீர்கள்.

எங்களுக்கு அடுத்த பேட்டை வண்ணாரப்பேட்டை. கம்பெனியார் காலத்தில் கப்பலேற வேண்டிய துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர். உவர்மண், வெள்ளாவி, வெயில், கை இவற்றைக் கொண்டே அவர்கள் வெளுத்தார்கள். முழுக்க முழுக்க இயற்கைதான்! அந்தக் காரத்தில் நாள் முழுவதும் ஊறிய கைகள் எப்படி இருந்திருக்கும் என்று அதைப் புகழ்கிறவர்கள் நினைத்துப் பார்த்ததுண்டா? ஐரோப்பாவிலும் சோப்பு வெகுகாலம் பணக்காரர் பண்டமாகவே இருந்தது. 1791-இல் நிக்கோலாஸ் லெப்லாங்க் சாதாரண உப்பிலிருந்து சோடா எடுக்க வழி கண்ட பிறகுதான் அது மலியத் தொடங்கியது. இன்று ஏழை வீட்டுக் குளியலறையில் ஒரு சோப்பு இருக்கிறதென்றால், அந்தப் பழிக்கப்பட்ட ரசாயனம் செய்த உபகாரம் அது.

சோப்போடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையைச் சிரிப்போடு முடித்திருப்பேன். நாங்கள் தைலத்துக்கும் போனோம்.

தேங்காயெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, கற்பூரம், புதினா உப்பு, ஓம உப்பு, நீலகிரித் தைலம் சேர்த்தோம். கற்பூரமும் புதினா உப்பும் ஓம உப்பும் மூன்றும் திடப் பொருள்கள். ஒன்றாகக் கலந்தால் தாமே இளகித் தண்ணீராகிவிடும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். நீலகிரித் தைல மரத்தையே ஆங்கிலேயர்கள்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள் என்பதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ‘பாரம்பரியம்’ கெட்டுவிடுமே!

டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்ட வேண்டும். “நீங்க எழுத்தாளர்தானே மாமா, எழுதிக் கொடுங்க” என்றாள். எழுதிக் கொடுத்தேன். ‘தலைவலி, சளி, வெட்டுக்காயம், தீப்புண், பாதவெடிப்பு, பூச்சிக்கடி. பெரியோர்க்கும் குழந்தைகளுக்கும். முற்றிலும் இயற்கையானது.’ ஒரு நிமிஷத்தில் எழுதினேன். ஓசை நயம் பார்த்து வார்த்தைகளை இடம் மாற்றிக்கூடப் போட்டேன். அதில் எதையாவது சோதித்துப் பார்த்தோமா என்று அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொரு டப்பா இனாம்.

மூன்றாம் வாரம் மெக்கானிக்கின் நாலு வயதுக் குழந்தை வடித்த கஞ்சியில் கையை விட்டுவிட்டது. அதன் தாய் என்ன செய்வாள்? டப்பாவில் ‘தீப்புண்’ என்று போட்டிருக்கிறது. எழுதினவர் படித்தவர். முழங்கை வரை தடவிவிட்டாள். குழந்தையின் அலறல் கொஞ்சம் அடங்கிற்று. அடங்கியதும், சரியாகிவிட்டது என்று கால் மணி நேரம் மடியிலேயே வைத்திருந்தாள்.

புதினா உப்பு தோலைக் குளிர வைப்பதில்லை. குளிர்ச்சியை உணருகிற நரம்பைத் தட்டிவிட்டு, குளிர்ந்தது போல ஒரு பிரமையை உண்டாக்குகிறது. தலைவலிக்கு அந்தப் பிரமை போதும். வெந்த கைக்கு வேண்டியது மெய்யான குளிர்ச்சி. ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிஷம். நாங்கள் கொடுத்ததோ சூட்டை வெளியே விடாத எண்ணெயும் மெழுகும், புண்ணை எரிக்கிற கற்பூரமும்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். நர்ஸ் அம்மாள் அந்தப் பிசுக்கைத் துடைத்தெடுக்கும்போது குழந்தை போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

“யாரும்மா இதைத் தடவச் சொன்னது?” என்று கேட்டார்.

தாய் என்னைப் பார்க்கவில்லை. தகப்பனார்தான் வெளியே வந்து, “நீங்க நல்லதுக்குத்தான் சார் குடுத்தீங்க” என்றார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கை ஆறிவிட்டது, மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது. அந்தச் சீட்டில் ‘குழந்தைகளுக்கும்’ என்று எழுதியிருந்தேன் அல்லவா? கற்பூரம் சிறு குழந்தையின் வயிற்றில் போனால் வலிப்பு வரும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தைலம் செய்தவள் பத்தொன்பது வயதுப் பெண். பொய் செய்தவன் நான்.

“அப்படியானால் கம்பெனிக்காரர்கள் யோக்கியர்களா?” என்று கேட்பீர்கள். அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. உறையில் வேப்பிலைப் படத்தைப் போட்டு, உள்ளே அதே சோப்பை வைக்கிற வித்தையைக் கற்றுக் கொடுத்தவர்களே அவர்கள்தாம். பொய் விளம்பரத்தைத் தடுக்க 1954-இலேயே சட்டம் போட்டாயிற்று; மந்திர மருந்து விளம்பரங்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

கையால் செய்வதும் குற்றமில்லை. பெரம்பூரில் ரயில்வே டாக்டராக இருந்த வி. பி. சித்தன் 1969-இல் தம் மனைவியோடு வீட்டிலேயே கையால் செய்யத் தொடங்கிய சோப்புதான் மெடிமிக்ஸ். அவர் தொழிலாளிகளின் தோல் வியாதியை முதலில் பார்த்தார்; அதற்கு ஓர் எண்ணெயைக் காய்ச்சினார்; பிறகு அதைச் சோப்பில் சேர்த்தார். நோய் முதலில், மருந்து பிறகு, சீட்டு கடைசியில். நாங்கள் சீட்டிலிருந்து ஆரம்பித்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இயற்கை மோகம் ஏன் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தாரைப் பிடித்து ஆட்டுகிறது? வெளியே உள்ள அழுக்கைப் பற்றி நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை, செய்யவும் பயம். 2013-இல் இதே தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் ஓடும் குழாய் கசிந்து, ஆழ்குழாய்த் தண்ணீரில் எண்ணெய் வந்தது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம். மறு வருஷம், இருபது விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று ஊரெல்லாம் ஒலிபெருக்கி முழங்கியபோது, தொற்று மிகுந்த மண்டலங்களின் முன்வரிசையில் ராயபுரமும் தண்டையார்பேட்டையும் இருந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் பரவிற்று. மீனவர்கள் படகில் போய் வாளியால் மொண்டார்கள். அந்தக் கைகளுக்கு எந்தத் துளசிச் சோப்பைக் கொடுப்பீர்கள்?

சுத்தம் முக்கால் பங்கு தண்ணீரில் இருக்கிறது. சோப்பு அதற்குக் கைத்துணை. தண்ணீரை விட்டுக்கொடுத்துவிட்டு, ஒரு கட்டி சோப்பை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி, ‘நான் மட்டும் இயற்கையாக வாழ்கிறேன்’ என்று சொல்லிக்கொள்வது தப்பித்து ஓடுகிற காரியம். அந்தப் பணமும் அந்த ஞாயிற்றுக்கிழமையும் குழாய்த் தண்ணீருக்காக மனுப் போடுவதில் செலவாகியிருந்தால் தெரு முழுவதும் குளித்திருக்கும்.

மிச்சமிருந்த சோப்புக் கட்டிகளில் எண்ணெய்ப் பாத்திரம் நன்றாகவே விளங்குகிறது. தைலத்தை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கி வந்தோம். மறுபடி உருக்கி, கற்பூரமும் உப்புகளும் சேர்க்காமல், வெறும் எண்ணெயும் மெழுகுமாகச் செய்து பார்த்தாள் என் அக்கா மகள். என் தாயாரின் குதிகால் வெடிப்புக்குக் குணம் தெரிகிறது. இந்த முறை சீட்டை என்னிடம் கேட்காமல் அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள்: ‘பாதவெடிப்புக்கு மட்டும். புண்ணில் தடவக் கூடாது.’

எங்கள் வீட்டில் அதைவிடப் பொறுப்பான எழுத்து வேறு இல்லை.