பாதியில் பல்கலைக்கழகம் மாறலாமா?

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கர்நாடகம். ஆனேக்கல் பக்கம் அலையன்ஸ், சர்ஜாபுரா பக்கம் அசிம் பிரேம்ஜி என, 2010-ல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட பல்கலைக்கழகங்கள் அங்கே இருக்கின்றன. இப்படிப் புதிய பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்த பிள்ளை, ஒரே மாதத்தில் "வேற காலேஜ் மாறிக்கிறேம்மா" என்றால், "கட்டின பணம் போயிடுமே!" என்றுதான் வீட்டில் பதறுவார்கள்.

முழுதும் போய்விடாது. ஆனால், நாள் கணக்கு முக்கியம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பிறகு 15 நாட்களுக்குள் விலகினால் கட்டணத்தில் 80 சதவீதம் திரும்பக் கிடைக்கும்; 30 நாட்களுக்குள் என்றால் 50 சதவீதம். அதற்குப் பின் எதுவும் இல்லை. சில ஆண்டுகளில் குழு கூடுதல் அவகாசம் தந்ததுண்டு. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனம் பிடித்துவைக்கக் கூடாது.

ஆகவே, திட்டித் தீர்ப்பதில் நாட்களைக் கடத்த வேண்டாம். பிடிக்காதது படிப்பா, பல்கலைக்கழகமா என்று பிள்ளையிடம் பொறுமையாகக் கேளுங்கள். படிப்பு என்றால், அங்கேயே வேறு பிரிவு கிடைக்குமா என்று விசாரிக்கலாம். பல்கலைக்கழகம்தான் என்றால், அடுத்த இடத்தில் சீட் உறுதியான பிறகே விலகல் கடிதம் கொடுங்கள். தேதியிட்ட ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள்.