கசப்பின் கணக்கு

காய்ச்சல் வந்தது, கசாயமும் வந்தது! 2012-இல் டெங்கு தமிழகத்தைத் தாக்கியபோது, அரசு மருத்துவமனைகளிலே நிலவேம்புக் குடிநீர் வழங்கப்பட்டது. மக்கள் வரிசையில் நின்றனர். முகம் சுளித்தனர், ஆயினும் குடித்தனர்.

குடித்தது என்ன என்று கேட்டோமா?

கேட்டால் சீறுவோர் ஒருபுறம். "சித்தர் சொன்னது, சோதிக்க நீ யார்?" என்பர். கேளாமலே சிரிப்போர் மறுபுறம். "பச்சிலைச் சாறு, பாமரன் நம்பிக்கை!" என்பர். முன்னவர் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறார். பின்னவர் கண்ணை மூடிக்கொண்டு காறித் துப்புகிறார். கண்ணைத் திறக்க மறுப்பதிலே மட்டும் இருவரும் அண்ணன் தம்பிகள்!

நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது சரக்கு. நிலவேம்பின் கசப்பிலே முதன்மையானது ஆண்ட்ரோகிராஃபோலைடு. உடலில் அழற்சியை மூட்டிவிடும் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதத்தை அது பற்றிக்கொண்டு, மரபணு இழையோடு சேரவிடாமல் தடுக்கிறது என 2004-இல் ஆய்வாளர் காட்டினர். இஞ்சி சுக்காகும்போது அதன் ஜிஞ்சரால் ஷோகாலாக மாறுகிறது. மிளகின் பைப்பரின் தானும் வேலை செய்யும், பிறரையும் தூக்கிவிடும்! மஞ்சளின் குர்குமினோடு அதைச் சேர்த்து மனிதருக்குக் கொடுத்தபோது, குர்குமின் உடலில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியதை 1998-இல் வெளியான பெங்களூர் ஆய்வு கண்டது. நம் அடுக்களைச் சரக்குதான், தோழர்களே!

இத்தகைய பொருளைக் கண்டறியும் வழி என்ன? கலவையைப் பகுதி பகுதியாகப் பிரிக்கிறார்கள். அழற்சி ஊட்டிய செல்களிலே ஒவ்வொரு பகுதியையும் இடுகிறார்கள். எது தணிக்கிறதோ அதை மீண்டும் பிரித்து, உள்ளிருப்பது இன்னதென அறிகிறார்கள். இதிலே ஒரு சிக்கல். பிரிக்கப் பிரிக்கச் சில வேளை வேலையே மறைந்துபோகும். கூட்டாக நின்று செய்ததைத் தனியாள் செய்யமாட்டான். இன்னொரு சிக்கல் பெரிது. ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் எளிதில் கரையாதது. ஆய்வுக்கூடத்திலே சாராயத்தில் இறக்கிய சாற்றைச் சோதித்துவிட்டு, வெந்நீரில் காய்ச்சியதை மக்களுக்கு ஊற்றினால் கணக்கு எப்படிச் சரியாகும்? செல்லிலே தணிந்த அழற்சி, சிக்குன்குனியாவால் முடங்கிய மூதாட்டியின் மூட்டிலே தணியுமா? அது தனிக் கேள்வி.

சீனத்து அம்மையார் தூ யூயூ என்ன செய்தார்? பழைய ஏட்டைப் படித்தார், பூசை போடவில்லை. கொதிக்கவைத்தால் மருந்து கெடுகிறதோ என்று ஐயுற்றார். குறைந்த சூட்டில் ஈதரில் இறக்கினார். மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

நாம் கேட்பது பரிசல்ல. பற்பாடகம் என்ற ஒரே பெயரிலே வெவ்வேறு செடிகள் சந்தையில் விற்கின்றன. ஆகவே, அரசு வாங்கும் மூட்டை ஒவ்வொன்றும் சோதிக்கப்படட்டும். காய்ச்சிய குடிநீரிலே எந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம் என்று பொட்டலத்தின் மேலே, தமிழிலே, அச்சாகட்டும். பாதிப் பேருக்கு இதுவும் பாதிப் பேருக்கு வேறொன்றும் கொடுத்து ஒப்பிட்ட முடிவு, நல்லதோ கெட்டதோ, ஏட்டிலே வெளிவரட்டும். அடுத்த மழைக்காலத்திலே அண்டாவை அடுப்பில் ஏற்றுமுன் இவை நடக்க வேண்டும்.