பிளக் ஒயருக்கு விலை முக்கியமா, வழி முக்கியமா?

மகள் வீட்டுக்கு மிச்சிகன் வந்து நான்கு மாதமாகிறது. சென்ற முறை ஸ்நோ தள்ளியதைப் பற்றி எழுதினேன். இந்த முறை கார்.

மாப்பிள்ளைக்குப் பழைய கார் பைத்தியம். சென்ற வருடம் 1972-ஆம் வருட செவர்லே நோவா ஒன்றை வாங்கிவிட்டார். 350 கன அங்குல வி-8 எஞ்சின், நம் கணக்கில் 5.7 லிட்டர். முந்தைய சொந்தக்காரர் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்து, எக்ஸாஸ்டுக்கு 'ஹெட்டர்' என்ற நீளக் குழாய்களையும் மாட்டியிருந்தார். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும். 1995-லிருந்து நடக்கிறது. அதில் பேத்தியை உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் அதில் போனோம். நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த மாப்பிள்ளை ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டி இழுக்கவில்லை. குலுங்கியது, பின்னால் 'டப்' என்று வெடித்தது. பின்னால் வந்த வண்டிக்காரர் பிரேக் போட்டிருக்காவிட்டால் இந்தப் பதிவை நான் எழுதியிருக்க மாட்டேன். பேத்தி அழவில்லை. "தாத்தா, கை வலிக்குது" என்றாள். அவள் கையை நான் அவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை, "பிளக் ஒயர் போயிடுச்சு மாமா. பத்து மில்லிமீட்டர்ல சிவப்பு செட் ஒண்ணு இருக்கு. பவரும் கூடும்னு போட்டிருக்கான்" என்று கம்ப்யூட்டரைத் திறந்தார்.

எனக்குக் கார் மெக்கானிசம் தெரியாது. ஆனால் 34 வருடம் மின்துறையில் கேபிளோடு வாழ்ந்தவன். பிளக்கில் தீப்பொறி பாய இருபதாயிரம் வோல்ட்டும் தேவைப்படும், சில சமயம் முப்பதாயிரமும். நான் பார்த்த 33 கே.வி. லைனுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆள் கொல்லும் ஓட்டம் அதில் இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். இன்சுலேஷனுக்கு இரண்டும் ஒன்றே.

"வாங்கறதுக்கு முன்னாடி ராத்திரி ஒரு தடவை பார்த்துடலாம் மாப்பிள்ளை" என்றேன்.

இருட்டிய பிறகு வண்டியை வெளியே நிறுத்தி, பெட்ரோல் கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டோம். செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, எட்ட நின்று ஒயர்கள் மேல் லேசாகப் பனிபோல் தெளித்தேன். ஏழாம் சிலிண்டர் பக்கம் 'டிக் டிக்' என்று நீலப் பொறி. ஒயர் தொய்ந்து ஹெட்டர் குழாயில் படுத்திருந்தது. பட்ட இடத்தில் இன்சுலேஷன் கருகிப் பிளந்திருந்தது. மீதி ஒயர் முழுக்க நன்றாகவே இருந்தது.

அந்தப் பிளவைப் பார்த்ததும் எனக்கு வேறொரு கேபிள் ஞாபகம் வந்தது. எண்பதுகளில் ஒரு துணை மின்நிலையத்தில் 11 கே.வி. கேபிள் முனை ஒன்று வெடித்து, அருகில் நின்ற லைன்மேனின் வலது கை வெந்துவிட்டது. கேபிள் பழசு என்று ரிப்போர்ட் எழுதினார்கள். கேபிள் பழசு இல்லை. இடம் போதாமல் அதை அளவுக்கு மீறி வளைத்துக் கட்டியிருந்தோம். வேலையை மேற்பார்த்தவன் நான். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவனும் நான். புதுக் கேபிள் வந்தது, அதையும் அதே வளைவில்தான் போட்டார்கள். பிறகு நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து, வளைவை மாற்றிக் கட்டினேன். ஆனால் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அந்த லைன்மேன் ஓய்வு பெறும்வரை இடது கையால்தான் கையெழுத்துப் போட்டார்.

அதனால்தான் ஒயர் மேல் மட்டும் பழி போட்டுவிட்டுப் புதிது வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாப்பிள்ளையிடம் அன்று சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில், தடிமனுக்கும் பவருக்கும் சம்பந்தமில்லை. ஏழு, எட்டு, பத்து மில்லிமீட்டர் என்பதெல்லாம் வெளிச்சுற்றின் அளவு. உள்ளே இருக்கும் கடத்தியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. தடித்த சிலிக்கோன் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் பழுக்கக் காயும் குழாயில் படுத்தால் எதுவும் தாங்காது. சிலிக்கோன் சூட்டுக்கு வலுவானது, ஆனால் கூர்மையான விளிம்பில் உரசினால் சுலபமாகக் கிழியும்.

இரண்டாவது, ரெசிஸ்டன்ஸ். கம்பெனியிலிருந்து வரும் கார்பன் ஒயரில் ஒரு அடிக்குச் சில ஆயிரம் ஓம் இருக்கும். மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றிய ஒயரில் சில நூறு ஓம், அல்லது அதைவிடக் குறைவு. 'குறைந்த ஓம், நிறைந்த பவர்' என்று விளம்பரம் செய்கிறார்கள். பொறி பாயும் நொடிவரை ஒயரில் ஓட்டமே கிட்டத்தட்ட இல்லை. ஓட்டம் இல்லாத இடத்தில் ஓம் எதைக் குறைக்கும்? நல்ல நிலையிலிருக்கும் எஞ்சினில் ஒயர் மாற்றிக் குதிரைசக்தி கூடியது என்றால் பழைய ஒயர் கெட்டிருந்தது என்று அர்த்தம். சுருள் ஒயரை நான் சிபாரிசு செய்வது நீடித்து உழைக்கும், ரேடியோ இரைச்சலையும் அடக்கும் என்பதற்காக. வெறும் செப்புக்கம்பி ஒயர் எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டிக்கு வேண்டாம். அது கிளப்பும் இரைச்சல் ரேடியோவோடு நிற்காது, இக்னிஷனையே குழப்பும்.

மூன்றாவதுதான் முக்கியம், ஒயர் போகும் வழி. இந்த செவர்லே எஞ்சினில் பொறி விழும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்துப் பொறி வாங்குபவை. இரண்டு ஒயரையும் ஒட்டிக் கட்டி நீளமாகக் கொண்டுபோனால், ஐந்துக்குப் போகும் மின்சாரம் ஏழின் ஒயரிலும் தூண்டப்படலாம். ஏழில் பொறி 90 டிகிரி முன்னதாக விழும். பிஸ்டன் மேலே ஏறிவரும்போதே வெடித்தால் பிஸ்டனே உடையலாம். மேல்மட்ட லைன்களை நாங்கள் ஏன் எட்ட எட்டக் கட்டினோம் என்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

மாப்பிள்ளை கடைசியில் எட்டு மில்லிமீட்டர் சுருள் ஒயர் வாங்கினார். மிச்சப் பணத்தில் ஒயர் பிரிக்கும் கிளிப்புகளும், பிளக் தொப்பிக்கு மேல் போடும் கண்ணாடி இழை உறைகளும். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே இடத்தில் புதிதை மாட்டினோம், வரிசை மாறாமல் இருக்க. ஒயரைப் பிடித்து இழுக்காமல் தொப்பியைத் திருகிக் கழற்றினோம். தொப்பிக்குள் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம். ஹெட்டரிலிருந்து எங்கும் ஒரு அங்குலமாவது இடைவெளி. ஐந்தையும் ஏழையும் வெவ்வேறு கிளிப்பில் பிரித்தோம். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் சிலுவை போல நேர்க்குறுக்காகக் கடக்கவிட்டோம். உறை போட்டுவிட்டோமே என்று ஒயரைக் குழாயில் சாய்த்துவிடக் கூடாது. உறை என்பது இடைவெளிக்குத் துணை, மாற்று இல்லை.

மதியம் காப்பி குடிக்கும்போது அந்த லைன்மேன் கதையை மாப்பிள்ளையிடம் சொன்னேன். என் மனைவிக்குக்கூட முழுதாகத் தெரியாத கதை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏழாவது ஒயரை இன்னொரு தடவை பார்த்துடலாமா மாமா?" என்றார். எழுந்து போய்ப் பார்த்தோம்.

வுட்வர்டில் நோவா ஒருமுறைகூடக் குலுங்கவில்லை. பேத்தி வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே வந்தாள். பளபளப்பான சிவப்பு ஒயர் போட்ட வண்டிகள் நிறைய வந்திருந்தன. பானெட்டைத் திறந்து வைத்திருந்தவர்களிடமெல்லாம் போய் ஒயர் குழாயில் படுகிறதா என்று குனிந்து பார்த்தேன். இரண்டில் பட்டிருந்தது. இந்த முறை வாயைத் திறந்து சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.