ஏடெரித்த ஊரும் படம் காத்த நாடும்

சங்கரன்கோயிலிலிருந்து இராசபாளையம் செல்லும் பெருவழியில் கரிவலம்வந்தநல்லூர் என்றோர் ஊர் உண்டு. பால்வண்ணநாதர் கோயில் கொண்ட பழம்பதி. பாண்டிய மன்னன் ஒருவன் தொகுத்த ஏட்டுச் சுவடிகள் அக்கோயிலில் குவிந்து கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றைத் தேடிச் சென்றார் உ. வே. சாமிநாதையர். பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பிலிடுவதே ஆகம விதி என்றும், அவ்வாறே வேள்வி முடிந்துவிட்டது என்றும் அவருக்கு விடை கிடைத்தது. 'என் சரித்திரம்' நூலில் நெஞ்சு நொந்து அவர் பதிந்து வைத்த செய்தி இது. எத்தனை நூல்கள் எரிந்தன? எந்தப் புலவனின் குரல் புகையாயிற்று? எவரறிவார்!

பிரெஞ்சுத் திரைப்படம் பற்றி எழுதப் புகுந்தவன் கரிவலத்து நெருப்பை ஏன் கிளறுகிறான் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. பிரான்சும் ஒரு காலத்தில் எரித்த நாடுதான்! சலனப் படத்தில் கற்பனைக்கு வழி திறந்த ஜார்ஜ் மெலியஸ், நொடித்துப்போன நிலையில், 1923-ல் தம் மூலப் படச்சுருள்களைத் தாமே தீயிலிட்டார். இங்கே எரித்தது விதி. அங்கே எரித்தது வறுமை. நெருப்பு ஒன்றே.

வேறுபாடு அதற்குப் பின்னர் தோன்றியது. 1936-ல் ஆன்றி லாங்லுவா என்னும் இளைஞர் தம் நண்பர் ஜார்ஜ் பிரான்ழுவோடு கூடி, பாரிசில் 'சினிமாதெக் பிரான்சேஸ்' என்ற திரைக் காப்பகத்தை நிறுவினார். நாஜிப் படை பாரிசை ஆண்டபோதும் படச்சுருள்களை மறைத்து வைத்துக் காத்தார். அமெரிக்காவிலோ, யுனிவர்சல் நிறுவனம் தன்னிடம் எஞ்சியிருந்த ஊமைப்படப் பிரதிகளை 1948-ல் அழித்தது. சுருளில் இருந்த வெள்ளிக்கு விலை உண்டு; அதில் பதிந்த கலைக்கு அன்று விலை இல்லை! அமெரிக்காவிலும் படம் காத்த நல்லோர் இருந்தனர். நியூயார்க் நவீனக் கலைக்கூடம் 1935-லேயே திரைப்பட நூலகம் கண்டது. ஆனால் ஹாலிவுட் முதலாளிக்குப் படம் என்பது சரக்கு. விற்றுத் தீர்ந்தால் கிடங்கில் இடம் வீண். பிரான்சோ படத்தை ஏடாக மதிக்கக் கற்றது.

காத்ததன் பயன் என்ன? லாங்லுவாவின் காட்சிக்கூடத்தில் பழம்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களே திரூபோவும் கோதாரும். ஹாலிவுட் படங்களையும் அவர்கள் வெறுக்கவில்லை. ஹிட்ச்காக்கைப் போற்றிக் கற்றார்கள். கற்றபின் தம் வழியே நடந்தார்கள். ஹாலிவுட் கதையில் நாயகனுக்கு ஒரு குறிக்கோள், அதற்கொரு தடை, முடிவில் வெற்றி. திரையில் சிக்கல் தீரும். நாம் நிம்மதியோடு வீடு திரும்புவோம். திரூபோவின் 'நானூறு அடிகள்' 1959-ல் வந்தது. சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி ஓடும் சிறுவன் கடற்கரையை அடைகிறான். நம்மைத் திரும்பிப் பார்க்கிறான். படம் அப்படியே உறைந்து நிற்கிறது. அவன் கதி என்ன? விடையைத் தேடும் பொறுப்பு நம் தலைமேல் விழுகிறது. பார்ப்பவனை வாடிக்கையாளனாக நடத்துவது ஒன்று. குடிமகனாக நடத்துவது மற்றொன்று. பிரான்சிலும் வெறும் பொழுதுபோக்குப் படங்கள் உண்டு. அமெரிக்காவிலும் மேதைகள் உண்டு. ஆயினும் இந்த வேறுபாடு மெய்யானது.

இது தானே கனிந்த கனியன்று, தோழர்களே! 1946-ல் போர்க்கடன் தள்ளுபடிக்கு ஈடாகப் பிரான்சின் திரையரங்குகளை அமெரிக்கப் படங்களுக்கு அகலத் திறந்துவிடும் உடன்படிக்கை வாஷிங்டனில் கையெழுத்தாயிற்று. 1948-ன் தொடக்கத்தில் திரைத் தொழிலாளரும் நடிகர்களும் பாரிசின் தெருக்களில் திரண்டனர். அவ்வாண்டே சட்டம் பிறந்தது: அமெரிக்கப் படமாயினும் விற்கும் நுழைவுச்சீட்டில் ஒரு பங்கு பிரெஞ்சுப் படங்களுக்கான நிதிக்குச் சேரும்! 1968 பிப்ரவரியில் அரசு லாங்லுவாவைப் பதவியிலிருந்து நீக்கியது. கலைஞர்கள் தெருவுக்கு வந்தனர், தடியடி பட்டனர், ஏப்ரலில் அவர் மீண்டும் அமர்த்தப்பட்டார். ஒரு காப்பாளருக்காகத் தடியடி பட்ட கலைஞர்கள்! எண்ணிப் பாருங்கள்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். தென்னாட்டின் முதல் கதைப்படமாகிய நடராச முதலியாரின் 'கீசகவதம்' எங்கே? 1931-ல் தமிழ் பேசிய முதல் படம் 'காளிதாஸ்' எங்கே? இரண்டுக்கும் பிரதி இல்லை. இம்முறை ஆகமத்தின் மேல் பழி போட முடியாது. அலட்சியமே நம் வேள்வித் தீ. தொழிலாளர் வாழ்வைத் திரையேற்ற நிமாய் கோஷ் இயக்கத்தில், எம். பி. சீனிவாசன் இசையில், 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்தை நம் இளந்தோழர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? இக்கேள்வி நம் இயக்கத்தையும் சுடுகிறது.

ஆகவே, பிரெஞ்சுப் படத்தைச் சுவைப்பது மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காதீர்கள். கிளைதோறும் திங்களுக்கொரு படம் திரையிடுங்கள். முடிந்ததும் கலையாமல் அமர்ந்து விவாதியுங்கள். தமிழ்ப் படங்கள் யாவற்றையும் காக்கும் கடமையை அரசு ஏற்க வேண்டும் என்று மாநாடுகளில் தீர்மானம் இயற்றுங்கள். நம் அலுவலக அலமாரிகளில் மக்கிக் கிடக்கும் ஊர்வலப் படங்களையும் துண்டறிக்கைகளையும் இன்றே எடுத்துத் தூசு தட்டுங்கள்.

கரிவலத்து ஏடுகள் திரும்ப மாட்டா. எஞ்சியதையேனும் நாளை தேடி வருபவனுக்கு நாம் தர வேண்டாமா?