முதல் ஒப்படைப்பு உணர்த்தும் உண்மை

நம் கல்லூரியில் மூன்றாண்டுகளும் முதல் மாணவராகத் திகழ்ந்து, முதுகலை பயில இங்கிலாந்து சென்ற ஒருவர், படிப்பை முடித்து ஊர் திரும்பியதும் நம் துறைக்கு வந்திருந்தார். பேச்சினூடே தம் முதல் ஒப்படைப்பைப் பற்றிக் கூறினார். 2,500 சொற்களில் எழுதிய அக்கட்டுரைக்குக் கிடைத்த மதிப்பெண் 42. தேர்ச்சிக்கு வேண்டியதோ 50. 'செய்திகளைத் தொகுத்துள்ளீர், ஆராயவில்லை' என்று ஒரு குறிப்பு. இரண்டு பத்திகளின் ஓரத்தில், 'இச்சொற்கள் யாருடையவை?' என்று ஒரு வினா.

"சார், அம்மாவின் நகையை அடகு வைத்துப் போனவன் நான். அத்தாவிடம் என்ன சொல்வது என்று இரவெல்லாம் உறக்கமில்லை" என்றார். மறுமுறை எழுதித் தேறினார் என்பது மகிழ்ச்சி. எனினும், அந்த உறக்கமற்ற இரவுக்கு யார் பொறுப்பு என்னும் வினா நம்மை விட்டு அகலவில்லை.

ஆங்கிலம் போதாமையே காரணம் எனப் பலரும் கருதுவர். மொழிக்கும் பங்குண்டு, ஆயினும் அம்மாணவர் பிழையின்றி ஆங்கிலம் எழுதக்கூடியவர். நூலில் உள்ளதை அவ்வாறே திரும்பத் தருவதுதான் கல்வி என்று நாம் ஊட்டிய பழக்கமே அவரை அங்கே இடறச் செய்தது என்பது நம் கருத்து.

அங்குள்ள முறை

இங்கிலாந்தில் பாடவழி முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டில் முடிவது. அதற்குரிய 180 கிரெடிட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் 10 மணி நேர உழைப்பு கணக்கிடப்படுகிறது. 20 கிரெடிட் கொண்ட ஒரு பாடத்திற்கு 200 மணி நேரம். அதில் வகுப்பில் அமர்வது சிறு பகுதியே. எஞ்சியவை தனித்துப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் உரியவை. செப்டம்பர் இறுதியில் சென்று சேரும் மாணவர், குளிரும் உணவும் பழகுமுன்னரே முதல் ஒப்படைப்பை எதிர்கொள்கிறார். அங்கே 60 என்பது நல்ல மதிப்பெண். 70 பெற்றால் தனிச்சிறப்பு. எண்பத்தைந்துக்குப் பழகிய நம் மாணவர் 62 கண்டு கலங்க வேண்டுவதில்லை.

வினா கேட்பது யாது?

'சிறுகடன் திட்டங்கள் வறுமையைக் குறைத்தனவா? மதிப்பிடுக' என ஒரு வினா வருவதாகக் கொள்வோம். நம் மாணவர் என்ன எழுதுவார்? வங்கதேசத்தில் கிராமின் வங்கி 1983இல் முறையான வங்கியாக உருப்பெற்றதையும், முஹம்மது யூனுஸுக்கு 2006இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்ததையும் அழகுற எழுதுவார். அனைத்தும் உண்மை. ஆயினும் கேட்ட வினாவுக்கு விடை எங்கே?

ஆசிரியர் எதிர்பார்ப்பது வேறு. சிறுகடனால் ஏழைப் பெண்கள் தொழில் தொடங்கி உயர்ந்தனர் என்பார் ஒருசாரார். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் ஐதராபாத்தில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வோ, கடன் கிடைத்த பகுதிகளில் சிறுதொழில் முதலீடு கூடியபோதும், குடும்பங்களின் மொத்த நுகர்வில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை என்றது. இவ்விரு முடிவுகளும் ஏன் வேறுபடுகின்றன? எவ்வகைச் சான்றுக்கு எவ்வளவு வலிமை? நீ எதை ஏற்கிறாய், எக்காரணம் பற்றி? இவற்றுக்கான விடையே கட்டுரை. 'விவரி' என்பதற்கும் 'மதிப்பிடு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவர் பாதி வெற்றி பெற்றவராவார். தம் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதி மேசைமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தியும் அதற்குத் துணைசெய்கிறதா என நோக்கின் மறுபாதியும் கைகூடும்.

நமக்குப் புதியதன்று

இம்முறை மேலைநாட்டார்க்கே உரியது எனத் தமிழ் பயின்றோர் எண்ணுதல் தகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல், நூலாசிரியன் கொள்ளும் மதம் ஏழு என்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தன் கருத்தைத் தானே நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கொள்கையொடு சேராது தன் கொள்கையில் நிற்றல் என்பன அவை. இன்று பல்கலைக்கழகங்கள் திறனாய்வு நோக்கு என்று வேண்டுவது இதனின் வேறாகுமோ? முன்னோர் கூற்றை 'என்ப' என்றும் 'என்மனார் புலவர்' என்றும் சுட்டிச் சொன்ன தொல்காப்பியர், இரவல் கருத்தைத் தமதென்று காட்டவில்லை. இவற்றை மனப்பாடம் செய்வித்துத் தேர்வில் மதிப்பெண் வழங்கிய நாம், மாணவர் தாமே செய்துபார்க்க இடமளித்தோமா?

இரவல் சொற்கள்

பிறர் சொற்களையோ கருத்தையோ மூலம் சுட்டாமல் எடுத்தாளுதல் அங்கே கருத்துத் திருட்டு எனக் கொள்ளப்படும். அறியாமல் செய்தேன் என்பது பல வேளைகளில் ஏற்கப்படுவதில்லை. ஒப்புமை காணும் டர்னிட்டின் போன்ற மென்பொருள் காட்டும் விழுக்காடே தீர்ப்பாகாது. முறையாகக் குறித்த மேற்கோளையும் அது எண்ணிக் காட்டும். எனவே எண்ணுக்கு அஞ்சவேண்டா. மூலத்தைக் குறிக்க மறவாதிருத்தலே வேண்டும்.

விலைக்கு எழுதித் தருவோர் வலைவிரித்துக் காத்திருப்பர். 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்வழி இங்கிலாந்தில் அத்தகைய விற்பனையும் விளம்பரமும் குற்றமாக்கப்பட்டுள்ளன. வாங்கும் மாணவரோ பல்கலைக்கழகத்தின் தண்டனைக்கு ஆளாவர். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பொறுத்தவரை விதி இடத்துக்கு இடம் மாறும். பாட ஆசிரியரைக் கேட்டறிந்த பின்னரே தொடுதல் நன்று. இல்லாத நூலை இருப்பதாகச் சொல்லும் இயல்பும் அவற்றுக்கு உண்டு.

ஆசிரியரிடம் ஐயம் கேட்பது மரியாதைக் குறைவு என்னும் தயக்கமும் நம் மாணவரை வாட்டுகிறது. அங்கே மாணவரைச் சந்திப்பதற்கென்றே ஆசிரியர் நேரம் ஒதுக்கி வைக்கின்றனர். கட்டுரை அமைப்பை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இறுதி நாளுக்கு முன்னரே சென்று காண்பவர் இழப்பது ஒன்றுமில்லை.

நம் கடமை

இங்கே உள்மதிப்பீட்டிற்குத் தரப்படும் ஒப்படைப்புகளின் நிலையை நாம் அறியாதவரல்லோம். ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் பார்த்தெழுதுவர். பக்கங்களை எண்ணி நாம் கையொப்பமிடுவோம். அன்று பாராட்டப்பட்ட அச்செயலே, கடல் கடந்ததும் குற்றமாகிறது. விதியை மாற்றிக்கொண்டவர் யார்? மாணவர் அல்லரே!

ஆகவே பருவத்திற்கு ஓர் ஒப்படைப்பேனும், இருபக்க வாதமுடைய ஒரு வினாவுக்கு, மூன்று நூல்களேனும் பெயர்சுட்டி, இரண்டே பக்கத்தில் எழுதச் செய்வோம். குறிப்புரையுடன் திருப்பித் தந்து மீண்டும் எழுதச் சொல்வோம். இதற்கு நிதி வேண்டா. நம் மாலை நேரத்தில் சிறிது போதும்.

கல்வி உதவி வழங்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். விமானச் சீட்டுக்கு உதவுமுன், அம்மாணவர் தாமே எழுதிய ஒரு கட்டுரையைக் கேட்டு வாங்குங்கள். அங்கு முன்னரே பயின்றவர் ஒருவரோடு அவரை இணைத்து வையுங்கள். பணம் பல்கலைக்கழக வாயில் வரை கொண்டு சேர்க்கும். உள்ளே நிலைத்து நிற்கச் செய்யும் பழக்கத்தை, நம் வகுப்பறையிலேயே அவர்கள் பெற்றுச் செல்லட்டும்.