மணலுக்கு எல்லை தெரியுமா?

பீச் ரோட்டில் பெரும்பாலும் நாம் உட்காருவது கருங்கல்லில்தான். என் அப்பா அதே இடத்தில் மணலில் கபடி ஆடியவர்!

அந்த மணல் எங்கே போச்சு? நம் கடலோரத்தில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணல் தெற்கிலேயே தேங்கியது. அதை அள்ளி வடக்கே சேர்க்கும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது, ஒழுங்காக நடக்கவில்லை. வடக்கே கரை கரைந்தது. ஊரைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் அலையைத் தடுத்ததே தவிர மணலைக் கொண்டுவரவில்லை. அரிப்பு வடக்கே நகர்ந்து, மாநில எல்லை தாண்டி தந்திராயன்குப்பம் வரை போயிற்று. அங்கே வலை காயப்போடும் கரையையே கடல் தின்றது.

சுவர் கட்டியவர் வேலை சரி, கல் போட்டவர் வேலையும் சரி. ஆனா மொத்தக் கணக்கு யார் கையில்? 'சிஸ்டம்ஸ் திங்கிங்' என்று பெரிய பேர் வைத்துக் கேட்கிற கேள்வி இதுதான். 2018-ல் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகே தலைமைச் செயலகம் எதிரே கொஞ்சம் மணல் திரும்பியது.

நாம மட்டும் என்னவாம்? சிவில்காரன் மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப் வாசலை மிதிப்பதில்லை. இரண்டு பிரிவும் சேர்ந்து ஒரே ப்ராஜெக்ட் செய்யலாமா என்று கேட்டுப் பார்த்தேன். சிலபஸில் இல்லையாம். அடுத்த வருஷம் யூனியன் சார்பில் எழுதியே கேட்போம்.